ஏழாம் நம்பர் லேத் நின்ற நேரங்கள்

முத்தாபுதுப்பேட்டை
3.2.2025

மச்சான் நாகேந்திரா,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரி கலைவாணி போனிலிருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். நேரில் வந்தால் சுசீலா கதவைப் பாதி திறந்து, "அவரு தூங்குறாருண்ணா" என்கிறது. காலை பத்து மணிக்கு என்ன தூக்கம்? உள்ளே நீ டிவிக்காரனைத் திட்டுவது தெரு வரைக்கும் கேட்டது. அதனால்தான் தபால். போஸ்ட் ஆபீசில் உறை கேட்டேன். அங்கே இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூசி தட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 11 பற்றி ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். உன் ஏழாம் நம்பர் லேத்தில் ஜாப் சுற்றிக்கொண்டிருந்தது. உனக்கு அது வந்துவிட்டது. கண் நிலைகுத்தி, உடம்பு விறைத்து, முன்னால் சாய்ந்தாய். உன் சட்டைக் கை, ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் மாட்டிக்கொண்டது. எட்டாம் நம்பரிலிருந்து நான் ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தபோது உன் மணிக்கட்டுக்கும் சக்குக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. மறுநாள் காலை மேனேஜர் ஸ்ரீராமிடம் போய்ச் சொன்னேன். "இதுதான் முதல் தடவை சார்" என்றுதான் சொன்னேன், அதையும் கேட்டுக்கொள். அவர் உன்னை லேத்திலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார். நீ சட்டையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டுப் போனாய்.

நான் சொன்னது சரி. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு. அதற்குக் கேட்கிறேன்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

கஜபதி

———

கோவில்பதாகை
12.2.2025

திரு. கஜபதி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது கிடைத்தது. எனக்கு வந்தது "அது" இல்லை. அதற்குப் பெயர் வலிப்பு. எழுதினால் கை சுட்டுவிடாது.

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். டாக்டர் லாவண்யா எதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். வலிப்பு வந்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு யார் பேசியதும் எனக்கு நிற்பதில்லை. சுசீலா சொன்னது போய்விடுகிறது. உங்கள் கடிதம் மட்டும் மேசையில் கிடந்து கண்ணை உறுத்துகிறது.

ஆவடி மார்க்கெட்டில் மைத்துனன் அசோக்கின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷம் லேத் ஓட்டியவன் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்கிறேன். இதற்கு நீங்கள்தான் காரணம். அதைக்கூட விடலாம். மெஷின் சூட்டைத் தணிக்கிற அந்தக் கூலண்ட் தண்ணீரை விட முடியாது. பட்டறை முழுக்கச் சிரிக்க என் மேல் எத்தனை தடவை கூலண்டை ஊற்றினீர்கள்? ஒன்பது தடவை. எண்ணி வைத்திருக்கிறேன். தரையில் ஊற்றி என்னை வழுக்கி விழ வைத்து, மேலேயும் ஊற்றி, "மச்சானுக்கு ஒரு குளியல்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். தமாஷ் என்று நானும் சிரித்தேன். இனிமேல் சிரிக்க முடியாது.

இன்னொன்று. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு லாவண்யா மேடத்தின் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு தொடங்குகிறார்கள். ஒவ்வொருவர் மூளைக்கும் வலிப்புக்கென்று ஒரு சொந்தக் காலண்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அது பிடிபட்டால் அந்த ஓரிரு நாளுக்கு மட்டும் மருந்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். சேர வேண்டுமானால் பழைய பதிவு வேண்டும்: தேதி, நேரம், எத்தனை நிமிடம். எனக்குத் தெரிந்து ஆறு வருஷத்தில் எட்டு வலிப்பு. எட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். "பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாராவது?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். மார்ச் 31 கடைசி நாள்.

என் மகள் சுதா எட்டாம் வகுப்பு வந்துவிட்டாள். ரோட்டைக் கடக்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இறுக்கிப் பிடிப்பாள், விரல் வலிக்கும். ஆய்வில் சேர ஆசைப்பட்டது அதற்காகத்தான்.

இனி எழுத வேண்டாம்.

கி. நாகேந்திரன்

———

முத்தாபுதுப்பேட்டை
16.2.2025

நாகேந்திரா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பெல்ட்டால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கலைவாணி, "இன்னா, லவ் லெட்டரா?" என்கிறாள்.

எட்டு இல்லை மச்சான். எழுபத்தொன்று.

நம் மூலையில் ஒரு பச்சை அட்டை ரிஜிஸ்டர் தொங்குமே, மெஷின் நின்றால் எழுதுவதற்கு. தேதி, மணி, எத்தனை நிமிடம், காரணம், கையெழுத்து. ஏழுக்கும் எட்டுக்கும் நான்தான் எழுதுவேன். உனக்கு அது வரும்போதெல்லாம் ஏழாம் நம்பரை நிறுத்துவேன். நிறுத்தினால் எழுதாமல் விட முடியுமா? மெஷின் ஓடிய நேரத்தை மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எழுதினேன். நீ சும்மா வெறித்து நின்றால் "பெல்ட் நழுவல்". வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பட்டனைத் திருகினால் "சத்தம்". கீழே விழுந்து வெட்டி இழுத்தால் "கூலண்ட் கசிவு". மணியும் நிமிடமும் அத்தனையும் நிஜம். காரணம் மட்டும்தான் பொய்.

ஒன்பது தடவை என்று சரியாகச் சொன்னாய். நானும் எண்ணியிருக்கிறேன். அந்த ஒன்பது தடவையும் விழுந்தபோது உன் பேன்ட் நனைந்துவிட்டது மச்சான். பசங்கள் வருவதற்குள் கூலண்ட் வாளியை எடுத்து உன் மேல் கவிழ்த்தேன். தலையிலிருந்து கால் வரை நனைந்தவனிடம் எது எந்த ஈரம் என்று யார் பார்ப்பார்கள்? பிறகு சிரித்தேன். நான் சிரித்தால்தான் அவர்களும் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்வார்கள்.

உனக்கு நினைவு திரும்பி, "இன்னா ஆச்சு அண்ணாத்தே?" என்பாய். "ஒண்ணுமில்ல, வழுக்கிகின" என்பேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ரிஜிஸ்டர் இப்போது ஸ்ரீராமின் பீரோவில். டிசம்பருக்குப் பிறகு பூட்டி வைத்துவிட்டார். கேட்டால் எதற்கு என்பார். ஆறு வருஷமாகப் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. அதைவிட ராகவன் இருக்கிறான். மெயின்டனன்ஸ் ராகவன். ஏழாம் நம்பரைச் சரி செய்யத் தெரியாதவன் என்று அவனுக்கு ஃபோர்மேன் பதவி போயிற்று. நல்ல மெஷினை அவன் எப்படிச் சரி செய்வான்?

எனக்குப் பயமாக இருக்கிறது. மறைப்பானேன்.

கஜபதி

———

கோவில்பதாகை
21.2.2025

மூன்று தடவை படித்தேன். பிறகு சுசீலா படித்தாள். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூலண்டுக்காக உங்கள் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த ஒன்பது நாளும் வீட்டுக்கு வந்து உங்களைத் திட்டிக்கொண்டே பேன்ட்டைத் துவைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுபத்தொன்றும் என்னுடையது. எனக்கே தெரியாமல் என் வியாதியை நீங்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம்? ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும், "பரவாயில்ல மேடம், எப்பவாவது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எழுபத்தொன்று என்று தெரிந்திருந்தால் ஆறு வருஷம் முன்பே வேறு வழி பார்த்திருப்பார்கள். சுதா அப்போது இரண்டாம் வகுப்பு. என் விரலை அவள் இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எனக்கு நிம்மதி கொடுத்தேன் என்கிறீர்கள். அந்த நிம்மதியை நான் கேட்டேனா?

ரிஜிஸ்டரைக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வேலை, உங்கள் பயம். மார்ச் 31 என்பதை மட்டும் மறுபடி எழுதுகிறேன்.

நாகேந்திரன்

———

முத்தாபுதுப்பேட்டை
9.3.2025

நாகேந்திரா,

நீ கேட்டதைப் பத்து நாள் யோசித்தேன். தப்பு தப்புதான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீராம் அறைக்குப் போனேன். ராகவனையும் கூப்பிடச் சொன்னேன். ஒரே தடவையில் செத்துப் பிழைத்துவிடலாம் என்று கணக்கு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீராம் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ராகவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"யோவ், ஒம்போது தபா அந்தக் கூலண்ட் பம்ப கயட்டினேன்யா! நல்லா கீற பம்பு! எனக்குத்தான் கண்ணு தெர்லியோன்னு கண்ணாஸ்பத்திரி போய் கண்ணாடி வாங்கி மாட்டிக்கினேன்யா! இத்தோ!" கண்ணாடியைக் கழற்றி என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "எம் பொண்டாட்டி, 'ஒரு பம்பு பாக்கத் தெர்ல, நீயெல்லாம் ஒரு ஃபிட்டரு'ன்னா. அத்த யாரு திருப்பிக் குடுப்பா?"

"அடிக்கணும்னா அடிச்சிடு ராகவா" என்றேன். அடிக்கவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனான்.

ஸ்ரீராம் மெமோ கொடுத்தார். எட்டாம் நம்பர் என்னிடமிருந்து போயிற்று. நீ வேண்டாம் என்று எறிந்துவிட்டுப் போன அதே பேக்கிங் மேசையில் இப்போது நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். டேப் முனையைக் கண்டுபிடிப்பதற்குள் நகம் போய்விடுகிறது. ஆனால் ரிஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுக்க அவர் தடை சொல்லவில்லை. "நாகேந்திரனுக்கு உதவும்னா எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ராகவன் வந்து என் எதிரில் ஒரு கட்டு சீட்டைப் போட்டான். ஒவ்வொரு முறை பம்பைப் பிரித்தபோதும் அவன் எழுதிய ரிப்பேர் சீட்டு. ஒன்பதும் இருந்தது. நேரம் பதியும் கடிகாரத்தில் குத்திய மணியோடு.

"உன் எழுத்த மட்டும் பாத்தா அந்த டாக்டரம்மா நம்பாது. நீதான் பொய்க்காரனாச்சே. இத்தையும் சேத்துக் குடு. குட்துட்டு, 'பம்பு நல்லாத்தான் இருந்துச்சு'ன்னு அவங்க கையால ஒரு சீட்டு வாங்கியா. ஊட்ல காட்டணும்."

எல்லாம் இந்த உறையில். நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறேன். தயவுசெய்து நாளைக்கே கொண்டு போ.

கஜபதி

———

கோவில்பதாகை
2.5.2025

அண்ணாத்தே,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கொஞ்சம் கோபமும்தான். முடிவு தெரியாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

உன் ஜெராக்ஸ்களை லாவண்யா மேடம் மேசை முழுக்கப் பரப்பினார். கூட சிம்ரன் என்று ஆய்வில் வேலை பார்க்கும் பெண், ஆவடி விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்தவளாம். "சார், இது என்ன 'பெல்ட் நழுவல்'?" என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். "கூலண்ட் கசிவு" என்றால் என்ன என்றும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

ராகவன் அண்ணன் சீட்டும் உன் மணியும் ஒன்பதிலும் பொருந்தின. பிறகு எழுபத்தொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வட்டமாக ஒரு படம் போட்டாள். கடிகாரம் மாதிரி, ஆனால் மணிக்குப் பதில் நாள். வட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்தேன். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஈ மொய்த்த மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. இருபத்தாறு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று நாள். மீதி நாளெல்லாம் கிட்டத்தட்டக் காலி. இது நாள் வரை எப்போது வரும் எப்போது வரும் என்று ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். பயப்பட வேண்டியது மாதத்தில் மூன்று நாள்தானாம்.

மேடம் அந்தப் படத்தைக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆறு வருஷம், நிமிஷக் கணக்கோட. எங்ககிட்ட சேர்ந்த யாருகிட்டயும் இப்படி ஒரு பதிவு இல்ல. இது உங்களுக்கு மட்டும் உதவப் போறதில்ல." உடனே எச்சரிக்கையும் செய்தார். இது குணம் இல்லை, குணத்தைத் தேடுகிற வேலை. எனக்குப் பலிக்காமலும் போகலாம் என்றார். முதல் சுற்றில் மருந்தைக் கூட்ட மாட்டார்கள். கணக்கு சரியா என்று பார்க்க மட்டும்தான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறார்கள். சுதா அதற்கு "நத்தை" என்று பெயர் வைத்துவிட்டாள்.

படத்தில் அடுத்து வருவது மே 17, 18, 19.

படிவத்தில் "பார்த்து எழுதுபவர்" என்று ஓர் இடம் இருக்கிறது. சுசீலா தன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டு, "அதுக்குப் பழக்கப்பட்டவரு ஒருத்தரு கீறாரே" என்றாள். 18ஆம் தேதி ஞாயிறு. உனக்கு லீவுதான். ஒரே நிபந்தனை. காரணம் என்ற கட்டத்தில் உள்ளதை எழுத வேண்டும். எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். நான் பார்க்காதது எனக்குத் தெரிய வேண்டும்.

ராகவன் அண்ணன் கேட்ட சீட்டு இணைத்திருக்கிறேன். மேடம் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில், "மேற்படி பம்பில் எந்தப் பழுதும் இருந்ததில்லை" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

நாகேந்திரன்

———

முத்தாபுதுப்பேட்டை
19.5.2025

மச்சான்,

நீ கேட்டபடி, நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நேற்று காலை ஒன்பது மணிக்கு வந்தேன். சுசீலா இட்லி கொடுத்தது. நீ கடுகடு என்றுதான் இருந்தாய். பத்தே முக்காலுக்குச் சுதாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாய். தப்பாகச் சொல்லிக் கொடுத்தாய், அது வேறு.

பதினொன்று பத்துக்கு உன் கை சட்டைப் பட்டனுக்குப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்தில் இடது பக்கமாகச் சரிந்தாய். சுதா நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டது, சுசீலா தலைக்குக் கீழே துண்டை வைத்தது. உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பக்கத்து வீட்டு நாகம்மா ஒரு கொத்துச் சாவியோடு ஓடிவந்து, "இரும்பு, இரும்பு, கையில குடுங்க" என்றார். "நாகம்மா, இவன் இருவது வருசம் ஒரு டன் இரும்பக் கட்டிக்கினு வேலை பாத்தவன். இரும்புக்கு அடங்கறதா இருந்தா எப்பவோ அடங்கிகீணும்" என்றேன். சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு உனக்கு விசிற ஆரம்பித்தார்.

மூன்று நிமிடம் இருபது வினாடி. பேன்ட் நனைந்தது. என் கை பழக்கதோஷத்தில் வாளியைத் தேடியது. சுதா ஒரு போர்வையை எடுத்து வந்து உன் மேல் போர்த்திவிட்டு என்னைப் பார்த்தது. இவ்வளவுதானா? ஒரு போர்வை போதுமா? எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

நீ கண் விழித்து, "இன்னா ஆச்சு அண்ணாத்தே?" என்றாய். சொன்னேன். நீ கேட்ட அடுத்த கேள்வி இது: "இன்னிக்கி தேதி இன்னா?" பதினெட்டு என்றேன். அப்போது சிரித்தாய். நாக்கைக் கடித்து ரத்தம் வழியும் வாயோடு சிரித்தாய். "சொன்ன நாள்லயே வந்துகீது பாரு" என்று இரண்டு தடவை சொன்னாய். வலிப்பு வந்ததற்கு ஒரு வீடே சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சுசீலா கேசரி கிளறியது.

படிவத்தில் எழுதியது: 18.5.2025. காலை 11.10. மூன்று நிமிடம் இருபது வினாடி. காரணம்: வலிப்பு.

எழுதினேன். கை சுடவில்லை.

கஜபதி

பி.கு. ராகவன் அந்தச் சீட்டுக்கு ஃபிரேம் போட்டு நடுவீட்டில் மாட்டிவிட்டான். ஸ்ரீராமிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறான். அடுத்த ஃபோர்மேன் அவன்தான் என்று பேச்சு அடிபடுகிறது. என்னோடு இன்னும் முழுசாகப் பேசவில்லை. டேப்பை எப்படி ஒட்டுவது என்று மட்டும் வந்து சொல்லிக் கொடுத்தான்.

———

கோவில்பதாகை
12.7.2025

அண்ணாத்தே,

ஜூன் 12லிருந்து 14 வரை அரை மாத்திரை கூட்டினார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. ஒன்றும் வரவில்லை. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன், அதனால் உனக்கு எழுதவில்லை.

ஜூலை 8லிருந்து 10 வரை மறுபடி கூட்டினார்கள். வரவில்லை. நேற்று நத்தையைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஒன்பதாம் தேதி மாலை மூளையின் ஓர் ஓரத்தில் பொறி மாதிரி ஒன்று கிளம்பியிருக்கிறது. பரவாமல் தானே அணைந்துவிட்டது என்று சிம்ரன் கோடு கோடாகக் காட்டினாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அன்று மாலை கடையில் யாருக்கோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஆட்டம் போட வேண்டாம் என்கிறார். இரண்டு சுற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒரு வருஷம் பார்க்க வேண்டும். நாற்பது பேர் சேர்ந்ததில் சிலருக்குக் காலண்டரே பிடிபடவில்லை. ஆனால் என் படத்தை வைத்துக்கொண்டு, குறைந்த பதிவு உள்ளவர்களுக்கும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கிறார்களாம். அந்தப் படத்துக்கு அவர்களுக்குள் ஒரு பெயர் இருக்கிறது. "ஏழாம் நம்பர்." சிம்ரன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீ எனக்குச் செய்த கெடுதலை மறக்கவில்லை. ஆறு வருஷம் ஆறு வருஷம்தான். அதே ஆறு வருஷத்தை ஒரு நிமிடம் பிசகாமல் எழுதி வைத்தவனும் நீதான். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். உன் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன், இனி போன் அடிக்கலாம். ஆனால் கடிதத்தையும் நிறுத்தாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நேற்று ஆவடி ஸ்டேஷனில் இறங்கினோம். பஸ்ஸும் ஆட்டோவுமாக ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. சுதா வழக்கம்போல என் கையைப் பிடித்தாள். சயின்ஸ் டெஸ்டில் பக்கத்துப் பெண் எப்படிக் காப்பியடித்தாள் என்று கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அதைக் கையால் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது போல. நடு ரோட்டில் என் கையை விட்டுவிட்டாள். விட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. பேசிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே கடந்தேன், தனியாக.

கடந்து முடித்ததும் உன்னை மாதிரியே கடிகாரத்தைப் பார்த்தேன் அண்ணாத்தே. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 11.7.2025, மாலை 4.50. ஏழாம் நம்பர் நிற்கவில்லை.

நாகேந்திரன்